மகள் பிரசவத்துக்குப் போகும் பையில் என்ன இருக்கலாம்?

கேள்வி: மகள் பிரசவத்துக்காக அடுத்த மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாகப் போகிறேன். எனக்கு வயது 64. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்திருக்கிறது. சோதனையில் சத்தம் வந்தால் என்ன செய்வார்கள், தாலியைக் கழற்றச் சொல்வார்களா என்று பயமாக இருக்கிறது. நெய், ஊறுகாய், பிரசவ லேகியம் எல்லாம் கொண்டுபோகலாமா?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: சத்தம் வரும் அம்மா, வரட்டும். மூட்டுக்குள் இருப்பது உலோகம், வாசல் மாதிரி நிற்கும் அந்தக் கருவிக்கு முழங்கால் என்றெல்லாம் தெரியாது. நுழைவதற்கு முன்பே அங்கே நிற்கும் காவலரிடம் சொல்லிவிடுங்கள், மருத்துவர் கொடுத்த கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். பெண்களைத் திரை போட்ட தடுப்புக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார், கையில் வைத்திருக்கும் கருவியை உடம்பின் மேலே ஓட்டிப் பார்ப்பார், தாலி, வளையல் என்று சொன்னால் புரிந்துகொள்வார். கழற்றி ட்ரேயில் போட வேண்டாம், நகை தொலைவதே அப்படித்தான்.

பிரச்சினை பைதான். லண்டனில் பானப் பாட்டில்களில் வெடிபொருளைக் கொண்டுபோகும் சதி 2006 ஆகஸ்ட்டில் பிடிபட்டதிலிருந்துதான், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கொள்ளும் பாட்டிலில் திரவம் கொண்டுபோகக் கூடாது என்ற கணக்கு வந்தது. நெய், ஊறுகாய், லேகியம், தேன் எல்லாமே அந்தக் கணக்கில் திரவம்தான். 200 மில்லி பாட்டிலில் அரை அளவு நெய் இருந்தாலும் விடமாட்டார்கள், அவர்கள் பார்ப்பது பாட்டிலின் அளவை. என் அம்மா ஒரு வாரம் வெயிலில் வைத்து எடுத்த மாவடுவைச் சோதனை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார், விமானத்தில் ஏறியும் அழுதுகொண்டிருந்தார். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், இதையெல்லாம் நன்றாக மூடி, இரண்டு மூன்று கவர் சுற்றி, கவுன்ட்டரில் போடும் பெரிய பெட்டியில் வையுங்கள். மிளகாய்ப்பொடியும் அதிலேயே போகட்டும். கொப்பரை மட்டும் எந்தப் பெட்டியிலும் வேண்டாம், எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று அதை ஆபத்தான சரக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் கசகசா. நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான், சிங்கப்பூரிலோ போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தடை செய்த பொருள். தனியாக மட்டுமல்ல, வீட்டில் அரைத்த மசாலாவிலோ லேகியத்திலோ சேர்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். பேத்தியோ பேரனோ பிறக்கிற நேரத்தில் அந்த வம்பு வேண்டவே வேண்டாம்.

பவர் பேங்க் இருந்தால் அது நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. தினமும் சாப்பிடும் மாத்திரைகளும் மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும்.

திரும்பி வரும்போது ஒன்று. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முதல் மூன்று முனையங்களில் பைச் சோதனை விமானம் ஏறும் கேட்டில்தான் நடக்கும், உள்ளே வாங்கிய தண்ணீரைக்கூட அங்கே கொட்டச் சொல்வார்கள். காலி பாட்டிலோடு போய், கேட்டுக்குள் குழாய் இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.