“ஒரு வாரத்தில் காலி பண்ணுங்க” என்றால் பண்ணித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: நானும் என் தோழியும் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறோம். எனக்குத் திருநெல்வேலி, அவளுக்கு மணிப்பூர். இருவரும் இணையராக வாழ்கிறோம். ஓனர் குடும்பம் கீழ்வீட்டில். வாடகை 15,000, அட்வான்ஸ் 1,20,000. அக்ரிமெண்ட் என் பேரில் மட்டும்தான், ரிஜிஸ்டர் செய்யவில்லை. எங்கள் உறவு தெரிந்ததிலிருந்து “ஒரு வாரத்துல காலி பண்ணுங்க, இல்லன்னா போலீஸ்ல சொல்லி உன் அப்பா அம்மாவ வரவழைப்பேன்” என்கிறார். மூன்று நாளாக மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றவில்லை. என் தோழியின் முகத்தை வைத்துப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, சென்னை

பதில்: காலி செய்ய வேண்டாம். வீடு அவருடையதுதான், ஆனால் வாடகைக்கு விட்டபிறகு வாயால் சொல்லி வெளியேற்ற முடியாது. கோர்ட்டுக்குப் போய்க் காரணத்தை நிரூபித்து உத்தரவு வாங்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017-ல் இயற்றியது) அந்தக் காரணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது: வாடகை பாக்கி, உள்வாடகை, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்டுவது என்று போகும். ஓனருக்குப் பிடிக்காதவர்களாக இருப்பது அதில் இல்லை.

முதலில் தண்ணீர். மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டு வராண்டாவில் இருக்கும், அதுதான் இந்த ஊரில் ஓனர்கள் கையிலிருக்கும் ஆயுதம். தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. காலி டேங்கையும் காற்று மட்டும் வரும் குழாயையும் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். “மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடுங்கள்” என்று மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். அவர் கோபமாகப் பதில் போட்டால் இன்னும் நல்லது. இதையெல்லாம் வைத்து, அதே சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தம் பதிவாகவில்லை என்று அங்கே இழுத்தடித்தால், சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்போம். பதிவு செய்யாதது உங்களுக்குப் பலவீனம்தான், ஆனால் அவருக்கும் அதே பலவீனம் உண்டு. பலவந்தமாக வெளியே தள்ளிவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி வீட்டைத் திரும்பப் பெறலாம்.

அடுத்து போலீஸ் மிரட்டல். 2018 செப்டம்பர் 6 அன்று 377-ஆம் பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, வயதுவந்த இருவர் ஒரே பாலினத்தவராக இருந்தாலும் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டார். காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தாலும், சம்பந்தப்பட்டவர்கள் மேஜர், விரும்பித்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். காவலர் நடத்தை விதிகளிலும் 2022-ல் இதற்கென ஒரு விதி சேர்த்தார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பயப்படாமல், வக்கீலோடு போங்கள். உத்தரவின் நகல் கையில் இருக்கட்டும். எல்லா ஸ்டேஷனிலும் அது தெரிந்திருக்கும் என்று நான் நம்புவதில்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு: அக்ரிமெண்டில் உங்கள் தோழியின் பெயர் இல்லை. கணவன் மனைவியாக இருந்தால் யாரும் இதைக் கேட்கப் போவதில்லை. ஒருவர் பேரில் போட்டாலே இருவருக்குமான வீடுதான். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரே பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஏற்க மறுத்துவிட்டது. அதனால் காகிதத்தில் அவர் உங்கள் விருந்தாளி. ‘அனுமதியில்லாமல் வேறு ஆளைக் குடிவைத்தார்’ என்று ஓனரின் வக்கீல் அங்கேதான் கைவைப்பார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இதற்குப் பதில் உண்டு. இரண்டு வருடமாக இருவரும் இருப்பது ஓனருக்குத் தெரியும். உங்கள் தோழி பாதி வாடகையை ஜிபே மூலம் நேரடியாக ஓனருக்கு அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 22 அன்று சொன்னதையும் காட்டி வாதாடலாம். அது ஆட்கொணர்வு மனுவில் சொன்னது, வாடகை வழக்கில் எவ்வளவு தூரம் எடுபடும் என்பது வாதாடிப் பார்க்க வேண்டிய விஷயம்.

பட்டப்பெயருக்கு வருகிறேன். வடகிழக்கு மக்களை இப்படி இழிவுபடுத்துவதற்குத் தனிக் குற்றப்பிரிவு வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு 2014-லேயே பரிந்துரைத்தது. அப்படி ஒரு பிரிவை நான் உங்களுக்குக் காட்ட முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லுக்கு 79-ஆம் பிரிவு, மிரட்டலுக்கு 351-ஆம் பிரிவு ஆகியவற்றை வைத்துத்தான் புகார் எழுத வேண்டும். புகாரை உங்கள் தோழி கொடுக்கட்டும், நீங்கள் சாட்சி.

“வேறு வீடு பார்த்துவிடலாமா” என்றும் யோசிப்பீர்கள். சட்டம் குடியேறியவருக்குத்தான் துணை நிற்கும், கேட்டுக்கு வெளியே நிற்பவருக்குப் பெரும்பாலும் இல்லை. ‘ஃபேமிலி மட்டும்’, ‘வெஜ் மட்டும்’ என்று போர்டு தொங்குகிறது, “உங்களுக்கு ப்ராப்பர் எது?” என்று தொடங்கி சாதி வரை தோண்டுகிறார் புரோக்கர். தனியார் ஓனர் வீடு தர மறுத்தால் கேட்பதற்கு உங்களுக்கென நேரடிச் சட்டம் கிடையாது. திருநங்கைகளுக்கு உண்டு: 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டத்தில் 3-ஆம் பிரிவு, வாடகைக்கு வீடு மறுப்பதையும் பாகுபாடு என்கிறது. அப்படி இருந்தும் என்னிடம் வரும் திருநங்கைகள், முன்பே யாரோ ஒருத்திக்கு வீடு கொடுத்த தெருவில்தான் வீடு தேடுகிறார்கள், பக்கத்து வீட்டைவிட அதிக வாடகையும் கொடுக்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் ஓஎம்ஆர் பக்கம், ஓனர் வெளிநாட்டில் இருக்கும் ஃபிளாட்டாகப் பார்க்கிறார்கள். கீழ்வீட்டில் ஓனர் இல்லை என்பதற்காகவே கூடுதலாகச் சில ஆயிரம் கொடுக்கிறார்கள். அதனால் கையிலிருக்கும் வீட்டை விட்டுவிட்டுத் தேடாதீர்கள். நீங்களே போக முடிவு செய்தால், அது உங்கள் வசதிக்கான தேதியில் இருக்கட்டும்.

அப்போது அட்வான்ஸ் பிரச்சினை வரும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். உங்கள் கணக்கில் அது 45,000. அவர் கையில் எட்டு மாதப் பணம் இருக்கிறது, அதுதான் அவருக்குத் துணிச்சல். “சாவி கொடு, பணம் அப்புறம்” என்பார். பணமும் சாவியும் ஒரே நேரத்தில் கை மாறட்டும். ‘சம்மதத்தோடு காலி செய்கிறோம்’ என்று எதையாவது நீட்டினால், கையெழுத்துப் போடாமல் எனக்குப் படம் பிடித்து அனுப்புங்கள். இந்த மாத வாடகையை ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், பாதியை உங்கள் தோழியின் கணக்கிலிருந்து.