‘சாப்பாடு அதேதான், எடை மட்டும் ஏறுதே டாக்டர்!’ – உடல் பருமன்: கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. தட்டுக்கு வெளியே நடப்பதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த முறை அவர்களுக்கு முதலிடம்.

வயது 45. இருபத்தைந்தில் சாப்பிட்ட அளவேதான் இன்றும் சாப்பிடுகிறேன். ஆனால் வருடத்துக்கு ஒரு கிலோ கூடுகிறது. வயதானால் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடுமாமே?

நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு என் வாயை அடைத்தது. உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 முதல் 60 வயது வரை உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. அறுபதுக்கு மேல்தான் மெல்ல இறங்குகிறது.

அப்படியானால் மாறியது எது? அன்று நின்றபடி செய்த வேலை இன்று உட்கார்ந்து நடக்கிறது. மாடிப்படி லிஃப்ட் ஆகிவிட்டது. பயன்படுத்தாத தசையும் கரைகிறது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. அதை 365ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு இருபது சொச்சம். ஒரு டீஸ்பூன் சர்க்கரையிலேயே 16 கலோரி இருக்கிறது. உடல் இவ்வளவு எளிமையாகக் கணக்குப் போடாது என்றாலும், எவ்வளவு சின்ன வித்தியாசம் என்பது புரியும். ‘அதே அளவுதான்’ என்று இருபது வருடத்துக்கு முந்தைய தட்டை நினைவிலிருந்து ஒப்பிடுவது நடக்கிற காரியமா, சொல்லுங்கள்?

தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அப்புறம் ஒன்பது மணி நேரம் நாற்காலிதான். எடை அசையவில்லை.

நடையை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனால் மீதி 23 மணி நேரத்தையும் பார்க்க வேண்டும். 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூடச் சேரவில்லை. இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசம் உடற்பயிற்சியில் இல்லை. எழுவது, நிற்பது, நெளிவது, அங்கும் இங்கும் போவது என்று தங்களை அறியாமலே அதிகம் அசைந்தவர்களுக்குக் கொழுப்பு குறைவாகச் சேர்ந்தது. போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். இன்னொன்று: நடந்து வந்ததற்குப் பரிசாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பலரும் சாப்பிடுகிறார்கள்.

இரவு ஷிஃப்ட் வேலை, வயது 34. பகலில் நாலைந்து மணி நேரம்தான் தூக்கம். நடுராத்திரியில் அடக்க முடியாத பசி. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?

மனக்கட்டுப்பாட்டை விடுங்கள், உங்கள் ஹார்மோன்கள் என்ன செய்யும்? 2004இல் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டே இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டால், ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அதுவும் மாவும் இனிப்புமாகத்தான் வேண்டும் என்று தோன்றியது.

நல்ல செய்தியும் உண்டு. 2022இல் வெளியான ஆய்வில், குறைவாகத் தூங்கும், எடை கூடியவர்களைச் சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

உங்களுக்கு என் யோசனை: முக்கியமான சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். பகலில் அறையை நன்றாக இருட்டாக்கி, ஏழு மணி நேரத்துக்குக் குறி வையுங்கள். பலமான குறட்டையும் எழுந்த பிறகும் அசதியும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். எடை கூடினால் அது மோசமாகும். அது மோசமானால் தூக்கம் கெடும்.

குளிர்பானம் தொடுவதில்லை. பழச்சாறு மட்டும்தான். சரிதானே?

சரியில்லை. பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் குளிர்பானச் சர்க்கரையோடுதான் சேர்க்கிறது. குடிக்கும் கலோரி பசியை அவ்வளவாக ஆற்றாது. பழத்தைக் கடித்துத் தின்னுங்கள். மது அருந்துவோருக்கும் ஒரு வார்த்தை: ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கலோரி. சர்க்கரையில் நாலுதான்.

சிகரெட்டை விட்ட ஆறு மாதத்தில் ஐந்து கிலோ கூடிவிட்டேன். மறுபடி ஆரம்பித்தால் குறையுமா?

வேண்டவே வேண்டாம். நிகோடின் பசியை அடக்கும், கலோரியையும் கொஞ்சம் எரிக்கும். அது போனதும் முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுவது வழக்கம். புகையால் வரும் ஆபத்தின் முன் அந்த ஐந்து கிலோ ஒன்றுமே இல்லை.

மாத்திரையால் எடை கூடுமா?

சிலவற்றால் கூடும். ஸ்டீராய்டு, இன்சுலின், வலிப்புக்கான வால்புரோயேட், சில மனநல மருந்துகள். தானாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பிடியுங்கள். அந்த அளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு அளக்க வேண்டும், வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. பலரும் தெரியாமலே இழுத்துவிடுகிறார்கள். நானும்தான்.