மீன்கொத்தியின் அலகு, தாமரையின் இலை, கறையானின் புற்று: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜப்பானின் புல்லட் ரயிலின் மூக்கு, மீன்கொத்தியின் அலகைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது என்கிறார்கள். ரயில் தண்ணீரில் பாய்வதில்லையே, இரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: மீன்கொத்தி, காற்றிலிருந்து பல நூறு மடங்கு அடர்த்தியான தண்ணீருக்குள் நுழைகிறது, ரயில், திறந்த வெளியிலிருந்து குறுகலான சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. முன்னால் உள்ள பொருள் விலக இடமின்றி திடீரென நெருக்கப்படுவது இரண்டுக்கும் பொது. சுரங்க வாயிலில் இப்படி நெருக்கப்படும் காற்று ஓர் அழுத்த அலையாகி, ரயிலை முந்திக்கொண்டு ஒலியின் வேகத்தில் ஓடி, நீண்ட சுரங்கத்தில் போகப்போகக் கூர்மையடைந்து, மறுமுனையில் வெடிச்சத்தமாக வெளிப்படுகிறது. அதன் வலிமை, ரயில் நுழையும் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே மணிக்கு 220 கி.மீ. வேகத்தில் இருந்ததைவிட 300 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். சுரங்கங்களுக்கு அருகே குடியிருப்பவர்களால் இதைத் தாங்க முடியாது.

மேற்கு ஜப்பான் ரயில்வேயில் இந்தச் சிக்கலைக் கையாண்ட பொறியாளர் எய்ஜி நகாட்சு, பறவைகளைக் கூர்ந்து கவனிக்கும் பழக்கம் உடையவர். குளக்கரையில் மீன்கொத்தி பாயும் கணத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வேகத்துக்குத் தண்ணீர் தெறிப்பது மிகவும் குறைவு. அலகின் நுனியிலிருந்து தலை வரை குறுக்குப் பரப்பு படிப்படியாக மட்டுமே கூடுவதுதான் காரணம். 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு, அதே முறையில் படிப்படியாகப் பருக்கும் 15 மீட்டர் நீள மூக்கு அமைந்தது.

அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மூக்கு நீண்டதால் முதல் பெட்டியில் இருக்கைகள் குறைந்தன. உருளையான உடலால் உட்புறம் நெருக்கமானது. 2007இல் வந்த என்700 வரிசையில், கணினிக் கணக்கீட்டின் உதவியோடு மூக்கை 10.7 மீட்டருக்குக் குறைத்தார்கள், அதன் தோற்றத்தில் மீன்கொத்தியின் சாயல் இல்லை. இதை நான் பின்னடைவாகக் கருதவில்லை. குறுக்குப் பரப்பு எப்படி மாற வேண்டும் என்ற விதியைப் பறவை காட்டிக் கொடுத்தது. விதி கைக்கு வந்த பிறகு, பறவையின் உருவத்தை அப்படியே வைத்திருக்க வேண்டிய தேவை இல்லை.

கேள்வி: தாமரை இலையைப் போலத் தானே சுத்தமாகும் சுவர் வண்ணப்பூச்சு நம்பத்தக்கதா?

பதில்: நம்பத்தக்கதுதான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருவதன் காரணத்தை, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட் மின்னணு நுண்ணோக்கியில் கண்டறிந்தார். இலையின் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய மேடுகளும், அவற்றின் மேல் அவற்றைவிடப் பன்மடங்கு சிறிய மெழுகுத் துகள்களும் இருக்கின்றன. நீர்த்துளி மேட்டு நுனிகளை மட்டுமே தொட்டு, இடையிலுள்ள காற்றின் மேல் தங்குவதால் உருண்டையாகவே இருக்கிறது. சற்றே சாய்த்தாலும் உருண்டு, தூசியையும் அள்ளிச் செல்கிறது. இந்தத் தத்துவத்தில் அமைந்த வெளிச்சுவர் வண்ணப்பூச்சு 1999இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது.

ஒரு தாமரை இலை கிடைத்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஓரிடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். துளி அங்கே ஒட்டிக்கொள்ளும். இன்னோர் இடத்தில் சோப்புத் தண்ணீரை விடுங்கள். அது பரவி இலையை நனைத்துவிடும். தேய்மானமும், சோப்பும் எண்ணெயும் போன்ற பரப்பு இழுவிசை குறைந்த திரவங்களும் இந்த ஏற்பாட்டின் எதிரிகள். இலை உயிருள்ளதாகையால் மெழுகை மறுபடியும் சுரந்துகொள்ளும். சுவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, மழை படும், கை படாத வெளிச்சுவருக்கு இது பொருந்தும். சமையலறைச் சுவருக்குப் பொருந்தாது.

கேள்வி: விமானம் ஏன் பறவையைப் போலச் சிறகடிப்பதில்லை?

பதில்: பறவையின் சிறகு, உடலைத் தூக்குவது, முன்னே தள்ளுவது என்ற இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்கிறது. இவற்றைப் பிரித்து, தூக்குவதற்கு அசையாத இறக்கை, தள்ளுவதற்குத் தனிச் சாதனம் என்று 1799லேயே வரைந்து காட்டியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி. எடை கூடக் கூட, சிறகடிக்கத் தேவையான ஆற்றலும் மூட்டுகள் தாங்க வேண்டிய விசையும் கட்டுக்கடங்காமல் போவதால், அந்தப் பிரிவினையே சரியான வழியாயிற்று.

கேள்வி: ஜிம்பாப்வேயில் கறையான் புற்றைப் போலக் கட்டப்பட்ட கட்டடம் ஏ.சி. இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கிறதாமே. சென்னையில் அப்படிக் கட்டலாமா?

பதில்: 1996இல் ஹராரேயில் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையத்தைக் கேட்கிறீர்கள், வடிவமைத்தவர் மிக் பியர்ஸ். இரவின் குளிர்ந்த காற்றை மின்விசிறிகளால் உள்ளே செலுத்தி, கனத்த கான்கிரீட்டைக் குளிரவைத்து, பகலில் அந்தக் குளிர்ச்சியை அறைகளுக்குத் தருவதே அதன் உத்தி. கட்டடம் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் கறையான் புற்று அப்படி இயங்குவதில்லை. புற்று காற்றோட்டத்தால் கூட்டின் வெப்பத்தைச் சீராக்குகிறது என்ற பழைய எண்ணத்தை, ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோவர் ஆகியோரின் ஆய்வு மறுத்தது. கூட்டின் வெப்பநிலை பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணையே ஒட்டி மாறுகிறது என்றும், புற்றின் முக்கிய வேலை நுரையீரலைப் போலக் காற்றைப் பரிமாறுவது என்றும் 2008இல் அவர்கள் எழுதினார்கள். தவறான புரிதலிலிருந்து நல்ல கட்டடம் பிறந்திருக்கிறது.

ஹராரே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த இரவுகளோடு இருக்கும் ஊர். சென்னையில் மே மாத இரவுகளில் வெப்பம் 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றில் ஈரமும் மிகுதி. கான்கிரீட்டைக் குளிரவைக்கத் தேவையான குளிர்ச்சியே அங்கு இல்லாதபோது, அந்தத் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு மாணவன் நான். படகின் அடிப்பகுதியில் சுறாத்தோல் போன்ற பரப்பை ஒட்டிச் சோதிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சுறாவின் செதில்களில் நீரோட்டத் திசையிலேயே ஓடும் நுண்ணிய வரிப்பள்ளங்கள் உள்ளன. ஆய்வகத்தில் இத்தகைய வரிகள் உராய்வு இழுவையை 8 சதவீதம் வரை குறைத்திருக்கின்றன. அதுவும் வரிகளின் இடைவெளி ஓட்டத்தின் வேகத்தோடு பொருந்தினால்தான். பொருந்தாவிட்டால் இழுவை கூடவும் செய்யும். ஆகையால் முதலில் உங்கள் படகின் வேகத்தைத் தீர்மானித்து, அதிலிருந்து இடைவெளியைக் கணக்கிடுங்கள்; சுறாவின் அளவை அப்படியே எடுக்காதீர்கள். அதே அளவும் எடையும் உள்ள வழவழப்பான தகடு ஒன்றையும் அதே தொட்டியில் இழுத்து ஒப்பிடுங்கள். பிறகு இரண்டு தகடுகளையும் சில வாரங்கள் கடல்நீரில் ஊறவைத்து மீண்டும் அளந்து பாருங்கள், ஏனென்றால் பாசி படிந்த பள்ளம் பள்ளமாக இருக்காது.