படம் வரைகிற ஆட்களுக்கு: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கம் படம் வரைகிறவர்களும் வரைய ஆசைப்படுகிறவர்களும் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

உப்புவெளியில் இருந்து ஒரு சித்திர ஆசிரியை: பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு முடிந்தாலும் சமையல், பிள்ளைகளின் ரியூசன் என்று இரவாகிவிடுகிறது. முழுநேர ஓவியர்கள் நாள் முழுக்க வரைவார்களா அக்கா?

இல்லை ரீச்சர். என் நாளில் பாதிக்கு மேல் வேறு வேலைதான். சட்டத்தில் கன்வஸ் இழுத்து அடிக்கவேண்டும், ஜெஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சைப் பூசித் தேய்க்கவேண்டும், முடிந்த படத்தை நிழலில் வைத்துப் போட்டோ எடுக்கவேண்டும், பில் எழுதவேண்டும், வராத காசைக் கேட்டுப் போன் எடுக்கவேண்டும். பிரஷ் பிடிப்பது விடிய, வெயில் ஏறுமுன்.

உங்களுக்கு நான் சொல்வது, ஆயத்த வேலையை முதல் நாளே முடித்து வையுங்கள். யாரும் கை வைக்காத ஒரு மேசை மூலை, அதில் கடதாசி ஒட்டிய பலகை, தண்ணீர்ப் போத்தல், இரண்டு பிரஷ், அவ்வளவும் போதும். அரை மணித்தியாலம் கிடைத்தால் அது முழுக்க வரைவதற்கே போகவேண்டும், சாமான் தேடுவதற்குப் போகக்கூடாது. இத்தாலியில் பொலோனியா நகரத்து ஓவியர் ஜோர்ஜியோ மொராண்டி (1890–1964) 1930 முதல் 1956 வரை அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில் எட்சிங், அதாவது உலோகத் தகட்டில் கோடு அரித்துப் படம் அச்சடிக்கும் முறை, படிப்பித்தவர். சகோதரிகளோடு இருந்த வீட்டில் படுக்கையறையே அவருக்கு வேலை அறை. அங்கே போத்தல்களையும் சாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்து ஆயுள் முழுக்க வரைந்தார், அதுவும் பெரும்பாலும் சின்னச் சின்னப் படங்களாக. சம்பள வேலை இருப்பதால் நீங்கள் ஓவியர் இல்லை என்று ஆகிவிடாது.

கிண்ணியாவில் இருந்து: கச்சான் காற்று தொடங்கினால் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது.

அக்ரிலிக்கில் தண்ணீர் போனதும் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிறகு தண்ணீர் விட்டாலும் கரையாது. மூடி உள்ள தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பொஞ்ச் வைத்து, மேலே கேக் சுடும்போது போடுகிற பேக்கிங் பேப்பரை விரித்து, அதில் நிறத்தைப் பிழியுங்கள். மூடி வைத்தால் அடுத்த நாளும் ஈரமாக இருக்கும். ஃபேனுக்குக் கீழே இருக்கவேண்டாம். ஓயில் பெயின்டுக்கு மாறலாம், அது ஒட்சிசனை எடுத்து மெதுவாகத்தான் காயும். ஆனால் ஒன்று, அதில் சேரும் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவியலாகப் போடாதீர்கள் தம்பி, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ள வாளியில் போடுங்கள்.

நிலாவெளியில் இருந்து: ஒரு ஹோட்டல்காரர் சூரிய உதயமும் வள்ளமும் கேட்கிறார். வரைந்தால் என் கலை கெட்டுப்போகுமா?

கெடாது, வரையுங்கள். சீசன் முடிந்தால் இப்படிக் கேட்க ஆளும் இருக்காது. அரைவாசிக் காசை முன்பணமாக வாங்குங்கள், படத்தை மட்டும்தான் விற்கிறேன், ரீசேட்டிலும் மெனுவிலும் அச்சடிக்க வேறு பேச்சு என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். அதைவிட முக்கியம், வள்ளத்தை மனப்பாடமாக வரையாமல் கரைக்குப் போய்ப் பார்த்து வரைவது. கரையில் ஏற்றிய ஃபைபர் வள்ளத்தின் அடியில் மணல் உரசி நிறம் போன இடம் எது, கயிறு தேய்த்த விளிம்பில் எத்தனை நிறம் தெரிகிறது, நிழலுக்குள் மணல் என்ன நிறம் என்று பார்த்து வரைந்தால் அந்த வேலையும் உங்களுக்குப் பயிற்சிதான். பார்க்காமல் வரைகிற பழக்கம்தான் கையைக் கெடுக்கும், அது காசுக்கு வரைந்தாலும் சரி, சும்மா வரைந்தாலும் சரி.

மூதூரில் இருந்து: யுத்தத்தில் காணாமல் போன என் அப்பாவை வரைய வருடக்கணக்காகப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் போஸ்டர் மாதிரி வந்துவிடுகிறது. விட்டுவிடவா?

விடவேண்டாம் தங்கச்சி, அவசரப்படவும் வேண்டாம். ஜேர்மன் ஓவியை கேத்தே கொல்விட்ஸின் இளைய மகன் பீட்டர் 1914 ஒக்டோபரில் போரில் இறந்தான். அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்யத் தொடங்கியவர் 1919இல் முடியாமல் கைவிட்டார். பிறகு மறுபடி எடுத்து, 1932இல்தான் அந்தச் சிலைகள் பெல்ஜியத்தில் அவன் புதைக்கப்பட்ட மயானத்தில் வைக்கப்பட்டன. முதலில் யோசித்தது மகனின் உருவம். கடைசியில் அங்கே மகன் இல்லை, முழங்காலில் இருக்கும் தாயும் தகப்பனும் மட்டும்தான்.

போஸ்டர் ஏன் வருகிறது தெரியுமா? எல்லாருக்கும் விளங்கவேண்டும் என்று கண்ணீர், முள்ளுக்கம்பி, வெறும் கதிரை என்று ஏற்கனவே தெரிந்த அடையாளங்களை எடுக்கிறோம். அப்பாவின் துக்கத்தைச் சொல்ல நினைக்காமல் அப்பாவை மட்டும் நினையுங்கள். அவருடைய சேர்ட்டில் எந்தப் பொத்தான் மாற்றித் தைத்தது? சைக்கிளை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பார்? அதை ஒரு கடதாசியில் பென்சிலால் வரையுங்கள், ஒருவருக்கும் காட்டவேண்டாம். அம்மாவிடம் கேட்டு வரைந்தாலும் அது உங்கள் வேலைதான். ஏலாத நாளில் மூடி வையுங்கள். அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்று உங்களையே குற்றம் சொல்லாதீர்கள், இதற்குக் கெடு வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

நுண்கலை மாணவர் ஒருவர்: என் படைப்புப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். அடையாளம், நினைவு, இடப்பெயர்வு என்று எழுதினேன், எல்லாரும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சொற்கள் பிழையில்லை, ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்தும். முதலில் படத்தில் இருப்பதை எழுதுங்கள், என்ன அளவு, எதில் வரைந்தது, எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப அழித்தீர்கள், ஏன். முடிந்த படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, கொஞ்ச நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் பிடித்தும் பாருங்கள், சாய்வும் பிசகும் உடனே தெரியும். தன்னைப் பற்றி யோசிக்கிறோம் என்று மனத்தைக் கிண்டிக்கொண்டே இருக்கிறோம், படத்தை உற்றுப் பார்ப்பதோ குறைவு. நான் என்னைத் தெரிந்துகொண்டது படத்தைப் பார்த்துத்தான்.

தம்பலகாமத்தில் இருந்து: கொழும்புக்குப் போகாமல் ஓவியராக ஏலுமா?

வரைய ஏலும், விற்க இடைக்கிடை போகவேண்டிவரும். 1993 முதல் கொழும்பில் நடக்கும் கலாபொல தெருவோரத் திறந்தவெளி ஓவியச் சந்தை, அங்கே வாங்குகிறவரோடு நேரே கதைக்கலாம். அங்கேயே குடிபோகத் தேவையில்லை.

சீனக்குடாவில் இருந்து: வீட்டில் மாட்டிய படத்தின் சிவப்பு மங்குகிறது.

டியூபில் பெயரைப் பாருங்கள். அலிசாரின் கிரிம்சன், அல்லது அதன் நிறமிக் குறியீடான PR83 என்று இருந்தால் வெளிச்சத்தில் மங்குகிற சாயம்தான் அது. அடுத்த முறை குவினாக்ரிடோன் வகைச் சிவப்பு வாங்குங்கள். இருக்கிற படத்தை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்து எடுத்து, வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். மாரிக்கு முன் பின்பக்கத்தையும் பாருங்கள், ஈரச்சுவரில் ஒட்டி இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றுப் போகும்.