கரப்பானின் கால் எங்கே என்று கரப்பானுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டாலும் என் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்வதால்தான் இது என்று படித்தேன். பூச்சியைச் சுற்றி உணர்ச்சியே இல்லாத ஓடுதானே இருக்கிறது? கும்மிருட்டில் ஓடும் கரப்பான் தன் ஆறு கால்களையும் எப்படிச் சமாளிக்கிறது?

பதில்: "உணர்ச்சியே இல்லாத ஓடு" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஓட்டுக்காகத்தான் நான் வாதாடப் போகிறேன். தன் உடம்பைப் பற்றிப் பூச்சிக்குத் தெரிவதில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் வருகிறது.

கரப்பானின் கால் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது முட்கள். அவற்றை விட்டுவிட்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே உருப்பெருக்கத்தைக் கூட்டினால், ஓட்டின் மேல் நீள்வட்டமான குட்டி மேடுகள் கூட்டமாகத் தெரியும். கம்பானிஃபார்ம் சென்சில்லா என்பது இவற்றின் பெயர். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நரம்புச் செல். காலில் பாரம் ஏறும்போது ஓடு இம்மியளவு வளைகிறது, மேடு நசுங்குகிறது, நரம்பு துடிக்கிறது. எந்தப் பக்கமிருந்து நசுக்கினாலும் ஒரே மாதிரி துடிக்காது. நீள்வட்டத்தின் குறுகிய பக்கவாட்டில் நசுக்கினால்தான் பலமாகத் துடிக்கும். அந்த இடத்தில் இரண்டு கூட்டங்கள் உண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திரும்பியபடி. கால் மேல்நோக்கி வளைந்தால் ஒன்று பேசும், கீழ்நோக்கி வளைந்தால் மற்றது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. இந்த மேடுகள் ஓட்டின் மீதான அழுத்தத்தை உணர்கின்றன என்பதைக் கரப்பான் காலில் நரம்புத் துடிப்பைப் பதிவுசெய்து 1938இல் காட்டியவர் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஜே.டபிள்யூ.எஸ். பிரிங்கிள்.

பாரம் தெரிந்தால் போதாதே, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்றும் தெரிய வேண்டும். மூட்டுகளின் ஓரத்தில் மெல்லிய மயிர்த்திட்டுகள் உண்டு. மூட்டு மடங்கினால் மயிர்கள் சாயும், எத்தனை சாய்ந்தன என்பதே செய்தி. கழுத்திலும் இவை இருக்கின்றன. கும்பிடுபூச்சி இரையைத் தலை திருப்பிப் பார்க்கிறது, ஆனால் அடிப்பது உடம்போடு ஒட்டிய முன்னங்கால். தலை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரியாமல் குறி வைக்க முடியாது. 1950களில் ஜெர்மன் ஆய்வாளர் ஹோர்ஸ்ட் மிட்டல்ஷ்டெட் கழுத்து மயிர்களின் நரம்பைத் துண்டித்துப் பார்த்தார். இரை கண்ணெதிரே இருந்தும் பெரும்பாலான அடிகள் தவறிப்போயின.

ஓட்டுக்கு உள்ளேயும் ஆட்கள் உண்டு. தொடைக்குள் கார்டோடோனல் உறுப்பு என்று ஒன்று. மூட்டோடு மெல்லிய இழையால் இணைந்திருக்கும். பழ ஈயின் ஒரு காலில் இதற்குச் சுமார் 150 நரம்புச் செல்கள். சில முழங்கால் இருக்கும் நிலையைச் சொல்லும், சில அது அசையும் திசையை, சில அதிர்வை. ஆய்வாளர் உல்ரிச் பேஸ்லரின் குழு குச்சிப்பூச்சியில் அந்த இழையை மறுபக்கத் தசைநாணுக்கு மாற்றி இணைத்தது. கால் மடங்கினால் நீண்டுவிட்டதாகவும், நீண்டால் மடங்கிவிட்டதாகவும் செய்தி போகும். நடக்கும்போது அந்தக் கால் பல நேரம் தரையில் ஊன்றாமல், சல்யூட் அடிப்பதுபோல உயர்ந்தபடியே நின்றுவிட்டது. காலில் தசை, நரம்பு எதற்கும் குறையில்லை. செய்தி மட்டும்தான் பொய்.

கேள்வி: பறக்கும்போது? காற்றில் ஊன்றுவதற்குத் தரை கிடையாதே?

பதில்: ஈக்கும் கொசுவுக்கும் பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில், நுனியில் உருண்டையோடு ஒரு ஜோடி குட்டைத் தண்டுகள் இருக்கும். ஹால்டியர் என்பார்கள். இறக்கை மேலே போகும்போது இது கீழே வரும், அதே வேகத்தில். உடல் சட்டென்று திரும்பினால் ஆடிக்கொண்டிருக்கும் தண்டு தன் பழைய தளத்திலேயே ஆடப் பார்க்கும். அதனால் அதன் அடிப்பகுதி சற்றே முறுக்கப்படும். அங்கேயும் நூற்றுக்கணக்கில் குவிந்திருப்பவை நாம் கரப்பான் காலில் பார்த்த அதே மேடுகள்தான்! ஹால்டியரை நீக்கினால் ஈ பறக்க முடியாமல் விழுந்துவிடும் என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி.

நான்கு இறக்கை உள்ள அந்திப்பூச்சிக்கு ஹால்டியர் இல்லை, அதன் வேலையை உணர்கொம்பு செய்கிறது. 2007இல் ஆய்வாளர் சஞ்சய் சானேயும் உடன் உழைத்தவர்களும் உணர்கொம்பின் நீண்ட பகுதியை வெட்டியபோது பூச்சிகள் தடுமாறி மோதின. வெட்டிய துண்டைப் பசை போட்டு ஒட்டியதும் மீண்டும் சரியாகப் பறந்தன. ஒட்டிய துண்டில் உயிருள்ள நரம்புத் தொடர்பு கிடையாது. வேண்டியிருந்தது அதன் எடை மட்டும்தான்; அந்த எடை கொம்பின் அடியில் தரும் ஆட்டத்தை அங்கிருக்கும் ஜான்ஸ்டன் உறுப்பு என்ற உணர்வுறுப்பு வாங்கிக்கொள்கிறது.

கேள்வி: எறும்பு தான் நடந்த தூரத்தை அறியும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. துனீசியாவின் உப்புநிலத்தில் கடகிலிஃபிஸ் பாலைவன எறும்புகளை இரையைத் தேடி 10 மீட்டர் நடக்க விட்டு, திரும்பும் நேரத்தில் சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கினார்கள், சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். முடிவு 2006இல் வெளியானது. நீளக்கால் எறும்புகள் கூட்டைத் தாண்டிப் போய்ச் சுமார் 15 மீட்டரில் அதைத் தேடின. குட்டைக்கால் எறும்புகள் 6 மீட்டர்கூட வராமலே தேட ஆரம்பித்தன. எடுத்துவைத்த காலடிகளின் எண்ணிக்கை மாறவில்லை, ஒவ்வொரு காலடியின் நீளம்தான் மாறியது. மாற்றிய கால்களோடு கூட்டிலிருந்தே கிளம்பிப் போய் வந்தபோது இரு சாராருக்கும் தூரம் சரியாக வந்தது.