ஈமேக்ஸ் எடிட்டருக்குள்ளிருந்து வெளி ப்ராசஸ் (ஓடும் நிரல்): கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மேக்-ப்ராசஸில் (வெளி நிரலை ஓட்டும் ஈமேக்ஸ் செயல்பாடு) பைப் (இரு நிரல்களை இணைக்கும் தரவுக் குழாய்) வைத்து பைத்தான் ஓட்டுகிறேன். ஓடும்போது ஒரு வரிகூட வரவில்லை, முடிந்ததும் மொத்தமாகக் கொட்டுகிறது.

பதில்: ஈமேக்ஸ் மேல் தப்பில்லை. எதிரே டெர்மினல் இருந்தால் பைத்தான் வரிக்கு வரி அனுப்பும். பைப் என்றால் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிறையும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். பைத்தானுக்கு ‘மைனஸ் யு’ (-u) கொடுங்கள். சி நிரல் என்றால் எஸ்டிடிபஃப் கட்டளை, ‘மைனஸ் ஓ எல்’ (stdbuf -oL). ஆனால் ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த (நூலகத்தைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட) நிரலில் அது பலிக்காது. விண்டோஸில் ஈமேக்ஸுக்கு பிடிஒய்யே (போலி டெர்மினல்) இல்லை, பைப்தான், அதனால் அங்கே இது தினப்படி தொல்லை. இன்னொன்று: ஃபைல் பெயரை ஷெல் கட்டளையில் ஒட்டாதீர்கள், ஆர்குமென்ட் லிஸ்ட்டாகவே கொடுங்கள். பெயரில் ஒரு ஸ்பேஸ் இருந்தால் போச்சு.

கேள்வி: கம்பைல் பஃபரில் (வெளியீடு தெரியும் பக்கம்) இன்புட் கேட்டு நின்றுவிடுகிறது.

பதில்: கண்ட்ரோல்-யு அழுத்திவிட்டு கம்பைல் கூப்பிடுங்கள், தட்டச்சு செய்ய விடும்.

கேள்வி: மேக் கணினியில் டாக்கிலிருந்து ஈமேக்ஸைத் திறந்தால் நோட் (node) நிரல் கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: டாக் உங்கள் இசட்எஸ்எச் ஷெல்லின் அமைப்பைப் படிப்பதில்லை. எக்ஸெக்-பாத், சூழல் மாறி பாத் இரண்டையும் மாற்ற வேண்டும். முதலாவது, ஈமேக்ஸ் ஒரு நிரலைத் தேடும் இடம், இரண்டாவது அந்த நிரல் மற்றதைத் தேடும் இடம்.

கேள்வி: ஃபில்டரில் (ப்ராசஸின் வெளியீட்டைப் பெறும் செயல்பாடு) ஜேசான் தரவு சில நேரம் மட்டும் உடைகிறது.

பதில்: ஃபில்டருக்கு வருவது வரி அல்ல, துண்டு. பாதி வரியோடு நிற்கும். சேர்த்து வைத்து, நியூலைன் வந்தபின் பார்ஸ் பண்ணுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பிடிஒய் வைத்தால் இந்தச் சிக்கலே வராதே சார்?

பதில்: வேறு சிக்கல் வரும். சில நிரல்களில் நீங்கள் அனுப்பியதே எக்கோவாகத் திரும்பலாம், வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டலாம். நீண்ட வரி அனுப்பினால் லினக்ஸில் 4096 பைட்டோடு வெட்டுப்படும், மேக்கில் அதைவிடக் குறைவு. மனிதன் பேசும் ஷெல்லுக்கு பிடிஒய், லாங்வேஜ் சர்வருக்கு (எடிட்டருக்குக் குறிப்பு தரும் நிரல்) பைப்.

கேள்வி: எக்கோவை அணைத்துவிடலாமே?

பதில்: அணையுங்கள். வரி நீளத்தை என்ன செய்வீர்கள்? ரா மோடுக்கு (டெர்மினல் எதையும் மாற்றாமல் அனுப்பும் நிலை) மாற்றலாம் என்பீர்கள். அப்புறம் கண்ட்ரோல்-டி வெறும் எழுத்தாகப் போகும், இன்புட் முடிந்ததே எதிர்முனைக்குத் தெரியாது. பைப்பில் அதற்கு ப்ராசஸ்-சென்ட்-ஈஓஎஃப் ஒன்று போதும்.

கேள்வி: கால்-ப்ராசஸ் கூப்பிட்டால் எடிட்டரே உறைகிறதே?

பதில்: அது முடியும்வரை காத்திருக்கும், அதன் வேலையே அதுதான். காத்திருக்க வேண்டாமென்றால் மேக்-ப்ராசஸ். ஆர்குமென்ட் லிஸ்ட்டாக!

கேள்வி: மேக் கணினியில் கோ மொழியின் கட்டளை கிடைக்க...

பதில்: மூன்றாவது கேள்வி.