40 மாணவர்கள், ஒரே ஒரு போன்: வகுப்பறைத் தொழில்நுட்பம் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: என் வகுப்பில் 40 பேர். கையில் இருப்பது என்னுடைய ஸ்மார்ட்போன் மட்டும்தான். இதை வைத்து எல்லோரையும் பங்கேற்க வைக்க முடியுமா?

தாராளமாக முடியும். பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. நடுவில் கியூஆர் குறியீடு போன்ற கறுப்பு வடிவம், நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தான் நினைக்கும் விடை மேலே வரும்படி மாணவர் அட்டையைத் தூக்கிப் பிடித்தால், யார் எந்த விடை சொன்னார் என்று உங்கள் போன் கேமரா குறித்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள் வடிவம் மாறுவதால் பக்கத்தில் பார்த்து எழுதுவதுபோல் இதில் செய்வது கடினம். வழக்கமாகக் கை தூக்கும் நாலைந்து பேரைத் தாண்டி, வாயே திறக்காத பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவரும். நான் இதைப் பரிந்துரைப்பதே அதற்காகத்தான். பெயரோடு விடைகளைத் திரையில் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

விடை வாங்கியதோடு நிறுத்தவும் வேண்டாம். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் உருவாக்கி வளர்த்த முறை இங்கே நன்றாகக் கைகொடுக்கும். முதலில் யாரோடும் பேசாமல் ஆளுக்கொரு விடை. சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், விடையை வெளியிடாமல், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு பேசச் சொல்லுங்கள். அப்புறம் மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே போனால் பாடத்தையே வேறு விதமாக விளக்க வேண்டியிருக்கும். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டால் இதெல்லாம் வீண். அதில் விவாதிக்க ஒன்றும் இருக்காது.

கேள்வி: வீட்டில் பார்த்து வரச் சொல்லி வீடியோ அனுப்புகிறேன். சிலர் வீட்டில் இணையம் இல்லை. என்ன செய்வது?

அந்த வீடியோவைக் கட்டாயமாக்காதீர்கள். மறுநாள் பாடம் அதை நம்பித் தொடங்கினால், பார்க்க வழியில்லாத பிள்ளை முதல் நிமிடத்திலேயே பின்தங்கிவிடும். இணையமோ கருவியோ தேவைப்படும் வேலை எதுவானாலும் பள்ளி நேரத்துக்குள் முடியட்டும். பள்ளியிலும் இணையம் சரியில்லை என்றால் கோலிப்ரி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு கணினியில் பாடங்களை இறக்கி வைத்துவிட்டால், மற்ற கருவிகள் இணையமே இல்லாமல் உள்ளூர் வைஃபை வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அறிவியலுக்கு ஃபெட் செயல்விளக்கங்கள், அதாவது கணினித் திரையிலேயே மாணவர் செய்து பார்க்கும் சோதனைகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. அவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். மின்சுற்றைத் தானே இணைத்து, பல்பு எரிகிறதா என்று மாணவர் சோதித்துப் பார்ப்பது, பத்து நிமிட வீடியோவைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: இரண்டு பேருக்கு ஒரு கணினி. மவுஸ் எப்போதும் ஒரே கையில்தான் இருக்கிறது.

இதை மாணவர்களே சரிசெய்துகொள்வார்கள் என்று விடக் கூடாது. ஒருவர் இயக்கட்டும், மற்றவர் அடுத்து என்ன செய்வது என்று சொல்லட்டும். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். வீட்டிலேயே கணினி உள்ள பிள்ளைக்குக் கை வேகம் அதிகம். அந்த வேகத்தைத் திறமை என்று நாம் எடுத்துக்கொள்ளும்போது, மற்றவர் தனக்கு இது வராது என்றே முடிவுகட்டிவிடுகிறார்.

கேள்வி: புள்ளிப் பட்டியல் காட்டும் வினாடி வினா விளையாட்டுகள் நல்லதா?

எப்போதாவது நல்லது. ஆனால் வேகத்துக்குப் புள்ளி தரும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நிதானமாக யோசிப்பவரை அது தண்டிக்கிறது. அணியாக ஆட வைத்தால் கடைசி இடத்தில் ஒரு பிள்ளையின் பெயர் மாட்டிக்கொள்ளாது.

கேள்வி: பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவி என் வகுப்பில் இருக்கிறாள். என் ஸ்லைடுகளில் எதை மாற்ற வேண்டும்?

முதலில் அவளையே கேளுங்கள். எந்த அளவு எழுத்து, எந்த நிறம் வசதி என்று அவளுக்குத்தான் தெரியும். பொதுவாக, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல். வெள்ளையில் மஞ்சளும் வெளிர் சாம்பலும் இதில் தேறாது. சரி என்பதற்குப் பச்சை, தவறு என்பதற்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு குறியும் போடுங்கள். பாடப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது வெறும் படம்தான். தட்டச்சு செய்த கோப்பாகக் கொடுத்தால் என்விடிஏ போன்ற இலவச திரைவாசிப்பான் அதைத் தமிழிலேயே படித்துக் காட்டும். அந்தக் கோப்பு பாடத்துக்கு முந்தைய நாளே அவள் கைக்குப் போய்ச் சேரட்டும்.